எண்ணெய் தீர்ந்த பிறகு பாட்டில் யாருடையது?

மாசிப்பட்டத்து எள் விருத்தாசலம் கமிட்டிக்கு, அதாவது அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, வரத் தொடங்கியதும் எங்கள் செக்குக்கு வருஷத்தின் பெரிய கொள்முதல் நடக்கும். எள் வாங்கும் கையோடு பாட்டிலுக்கும் சொல்லிவிடுவது வழக்கம். இந்த வருஷம் எள் வந்து இறங்கிவிட்டது, பாட்டிலுக்கு மட்டும் சொல்லவில்லை. பாட்டில் போடுகிறவர் மூன்று முறை போன் செய்துவிட்டார். நானும் தம்பியும் இரண்டு மாதமாக இதற்காகக் கணக்குப் போட்டோம். எங்களைப் போலச் சின்ன அளவில் எண்ணெய், தேன், ஊறுகாய், சர்பத் என்று எதையாவது செய்து அடைத்து விற்கிறவர்கள் இதே இடத்தில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு உதவும் என்று அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு இரண்டு மரச்செக்கு இருக்கிறது. நல்லெண்ணெய், மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய், கொஞ்சம் தேங்காயெண்ணெய் ஆட்டுகிறோம். சரக்கில் பாதி கடையிலேயே விற்றுவிடும். மூன்றில் ஒரு பங்கைத் தம்பி வாரம் இரண்டு நாள் வண்டியில் ஏற்றி, கன்னியகோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி வரை கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்துவருவான். மிச்சம் சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சலில் போகிறது. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஏறக்குறைய 12,000 ஒரு லிட்டர் பெட் (PET என்கிற பிளாஸ்டிக்) பாட்டில். காலி பாட்டிலைத் தராசில் வைத்தேன். மூடியோடு 28 கிராம் காட்டியது. பெருக்கினால் 336 கிலோ, எங்கள் தொழில் பாஷையில் இருபத்திரண்டு டின் (பதினைந்து கிலோ டின்) எண்ணெயின் எடை. அத்தனை பிளாஸ்டிக்கை நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து வருஷா வருஷம் ஊருக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கடலூரில் தொழிற்சாலைக் கழிவு என்றால் சிப்காட் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஜனங்கள் காற்றின் வாடைக்காகவும் உப்பனாற்றுத் தண்ணீருக்காகவும் எத்தனை வருஷம் மனு கொடுத்து அலைந்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, ஆலையின் புகைபோக்கியிலும் குழாயிலும் வெளியே வருவதுதான் ஆலைக்காரரின் கழிவு என்று நினைத்திருந்தேன். எங்கள் செக்கில் புகையும் இல்லை, குழாயும் இல்லை. பிண்ணாக்குகூட மாட்டுக்குப் போய்விடுகிறது. அதனால் எங்கள் தொழில் சுத்தமானது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன். விற்ற பொருளின் கூடு வாங்கியவர் வீட்டிலிருந்து குப்பை வண்டிக்குப் போகும்போது அது யாருடைய கழிவு என்று யோசித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை 1990-லேயே ஸ்வீடனில் எழுதிவிட்டார்கள். தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்பவர் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குக் கொடுத்த அறிக்கையில் நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்ற கருத்தை முன்வைத்தார். நம் ஊரில் அதிகாரிகளும் வியாபாரிகளும் சுருக்கமாக இ.பி.ஆர். என்பார்கள். பாட்டிலை எதில் செய்வது, எத்தனை அடுக்கு வைப்பது, எந்தப் பசையில் லேபிள் ஒட்டுவது என்பதெல்லாம் செய்கிறவர் கையில் இருக்கிறது. அது குப்பையாகி நகராட்சித் தொழிலாளியின் கைக்கு வரும்போது மாற்றுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே கடைசிச் செலவையும் செய்கிறவர் தலையில் ஏற்றினால், வடிவம் போடும்போதே அவர் யோசிப்பார் என்பதுதான் அதன் உள்விஷயம். 1991-ல் ஜெர்மனி பொட்டலங்களுக்கு இதைச் சட்டமாக்கியது.

இந்தியாவில் 2011-ன் மின்னணுக் கழிவு விதிகளில் இது நுழைந்தது. பிளாஸ்டிக்குக்கு 2016 விதிகளில் பொதுவாகச் சொல்லியிருந்ததை, 2022 பிப்ரவரி 16 அன்று வந்த வழிகாட்டுதல் கணக்கோடு கட்டிப்போட்டது. கெட்டியான பிளாஸ்டிக் முதல் வகை, பைகளும் பாக்கெட்டுகளும் இரண்டாம் வகை, பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் சேர்ந்த பல அடுக்குகள் மூன்றாம் வகை, மட்கும் பிளாஸ்டிக் நான்காம் வகை. முதல் வகையில் 2024-25-க்கு 50 சதவீதமாவது மறுசுழற்சி ஆக வேண்டும், 2027-28-க்குள் அது 80 சதவீதமாக உயர வேண்டும். ஒன்றிரண்டு மாநிலத்தில் விற்கிறவர் அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிய வேண்டும், அதற்கு மேல் என்றால் மத்திய வாரியத்தில்.

இதைப் படித்தபோது எனக்குப் பயம்தான் வந்தது. நாங்கள் தமிழ்நாட்டில் விற்கிறோம், முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, பெங்களூரும் சேர்ந்தால் மூன்று. பிறகுதான் தெரிந்தது, பிராண்ட் வைத்து விற்கிறவர் குறு, சிறு நிறுவனமாக இருந்தால் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். பாட்டில் ஊதிக் கொடுப்பவரும் குறு, சிறு தொழிலாக இருந்தால், 2024 திருத்தத்தின்படி அந்தக் கடமை அவருக்குப் பிளாஸ்டிக் மூலப்பொருள் விற்கிற பெரிய கம்பெனிக்குப் போகிறது. இந்த விலக்கு நியாயமானதுதான். எங்களால் ஆடிட்டர் வைத்து இணையத்தில் கணக்கு ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மல்லாட்டை எண்ணெய் அடைத்த பாட்டில் அரியாங்குப்பத்துச் சாக்கடையில் கிடந்தால், எங்கோ பெட் குருணை காய்ச்சும் கம்பெனிக்கு அது எப்படித் தெரியும்? அந்த பாட்டில் எந்தத் தெருவுக்குப் போனது என்று தெரிந்தவன் என் தம்பி ஒருவன்தான்.

ஆகவே சட்டம் கேட்காவிட்டாலும் எங்கள் கூட்டை நாங்கள் கேட்டு வாங்குவது என்று முடிவு செய்தோம். எப்படி என்பதில்தான் இத்தனை நாள் போனது.

முதலில் பாக்கெட். ஒரு லிட்டர் எண்ணெய் பிடிக்கிற பாக்கெட் பத்து கிராம்கூட வராது. எடையை மட்டும் பார்த்தால் இதற்குப் போட்டியே இல்லை. வண்டியில் இடம் மிச்சம், விலையும் மிச்சம். ஆனால் அது பல அடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு வேறு. எங்கள் தெருமுனைக் காயலாங்கடைக்காரரிடம் ஒரு கட்டு பாக்கெட்டைக் காட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. "இதை யாரும் எடுக்க மாட்டாங்கம்மா, வண்டிச் சத்தம்தான் நமக்கு நஷ்டம்" என்றார். இந்த மாதிரிப் பிளாஸ்டிக்குக்கு நல்ல முடிவு என்றால் சிமென்ட் ஆலை உலையில் நிலக்கரியோடு சேர்த்து எரிப்பதுதான். அதற்கும் யாராவது பொறுக்கி, கட்டி, அரியலூர் பக்கம் வரை அனுப்ப வேண்டும். பாக்கெட்டை அத்தோடு விட்டுவிட்டோம்.

இப்போதிருக்கிற பெட் பாட்டிலையே தொடர்ந்து, அதற்கு ஈடாகச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பெரிய நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. மறுசுழற்சி செய்கிறவர் எத்தனை கிலோ பிளாஸ்டிக்கை உருக்கினாரோ அத்தனை கிலோவுக்கு மத்திய வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் உருவாகும். அதை உற்பத்தியாளர் விலை கொடுத்து வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். ஏஜென்ட் ஒருவர் கடைக்கே வந்து, "வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டுங்க, பாட்டிலை மறந்துடுங்க" என்றார். 336 கிலோவுக்கு அவர் சொன்ன தொகை எங்களால் கட்ட முடியாததும் இல்லை.

இதை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். நாடு முழுவதும் விற்கிற சோப்புக் கம்பெனி தன் ஒவ்வொரு கவரையும் தேடிப் பிடிக்க முடியாது. மறுசுழற்சித் தொழிலுக்குப் பணம் போய்ச் சேர இது ஒரு வழி. ஆனால் சான்றிதழ் எடையைத்தான் பார்க்கிறது, இடத்தைப் பார்ப்பதில்லை. குஜராத்தில் உருகிய ஒரு கிலோ எங்கள் ஊர்க் கெடிலம் ஆற்றில் மிதக்கிற ஒரு கிலோவுக்கு ஈடாகிவிடும். உருகியதாகச் சொல்வது உண்மையிலேயே உருகியதா என்பது அடுத்த கேள்வி. 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது, ஒரு சில மறுசுழற்சி நிறுவனங்களிடம் மட்டும் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடையாகப்பட்டது அந்த ஏஜென்ட் சொன்ன வார்த்தை. பாட்டிலை மறந்துவிட்டால் அதை ஏன் மாற்றப்போகிறேன்? லிண்ட்க்விஸ்ட் சொன்ன விஷயத்தின் உயிரே அங்கே போய்விடுகிறதே.

அடுத்தது, பெட் பாட்டிலையே டெபாசிட் வைத்துத் திரும்ப வாங்குவது. இதை நாங்கள் நிஜமாகவே யோசித்தோம், ஏனென்றால் திரும்ப வாங்குவது நடக்கக்கூடியது என்பதற்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. நீலகிரியில் காட்டில் வீசும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்து, உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தார்கள். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கடைக்குத் திரும்பிவிடுகிறது. குடிக்கிறவர், குடிக்காதவர், படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. பத்து ரூபாய் கிடைக்கும் என்றால் யார் வீசினாலும் இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு வருவார்.

ஆனால் திரும்பி வந்த பெட் பாட்டிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மறுபடி எண்ணெய் ஊற்ற முடியாது. ஒருமுறை பயன்படுத்திய பிளாஸ்டிக்கிலும் தகர டின்னிலும் சமையல் எண்ணெயைத் திரும்ப அடைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. விதி இல்லாவிட்டாலும் முடியாது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கொதிக்கிற தண்ணீர் வேண்டும், பெட் எழுபது டிகிரிச் சூட்டைத் தாண்டியதும் நெளிந்துவிடும். ஆகவே வந்ததைக் கட்டிக் காயலாங்கடைக்குத்தான் போட வேண்டும். அங்கே நிறமில்லாத பெட்டுக்குத்தான் விலை. பச்சை, நீலம் என்றால் பாதிதான். மேலே பி.வி.சி. உறை சுருக்கியிருந்தால் அதுவும் போச்சு, ஏனென்றால் பெட்டோடு பி.வி.சி. கொஞ்சம் கலந்தாலும் மொத்த உருக்கும் பழுதாகும். நல்லபடியாகப் போனால் பாட்டில் இழையாகித் தலையணைப் பஞ்சாகவோ துணியாகவோ மாறும். அதற்குப் பிறகு அதை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.

இன்றைக்கே எதையும் மாற்ற முடியாத ஒருவருக்கு இந்த வழியைச் சொல்வேன். நிறமில்லாத பாட்டில், உறை இல்லாமல் காகித லேபிள், பத்து ரூபாய் டெபாசிட். ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கள் அம்மா கேட்டது வேறு கேள்வி. "அந்தக் காலத்துல பாட்டில் எங்க இருந்துச்சு? தூக்கு கொண்டாந்தாங்க, ஊத்திக் கொடுத்தோம்." உண்மைதான். தாத்தா காலத்தில் எண்ணெய்க்கென்று வீட்டுக்கு வீடு ஒரு பாத்திரம் இருந்தது. கோலி சோடா பாட்டிலை அங்கேயே நின்று குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். எதுவும் கடையை விட்டு நிரந்தரமாகப் போனதில்லை. அந்த வழியை மறுபடி திறக்க எனக்கு ஆசை. ஆனால் குறுக்கே ஒரு பெரிய துக்கம் நிற்கிறது. 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்துவிட்டு, உடம்பு வீங்கும் நோய் பரவி 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதே வருஷம் சமையல் எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. சில்லறையாக ஊற்றி விற்பது இன்றும் குற்றம். எண்ணெய் தொழில் செய்கிற நான் அந்தத் தடையைத் தவறு என்று சொல்ல மாட்டேன். பீப்பாயில் இருக்கிறது எந்த எண்ணெய் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. முத்திரை வைத்த பாட்டில் அந்தப் பயத்திலிருந்துதான் பிறந்தது.

இருந்தாலும் அம்மாவின் கேள்விக்குள் ஒரு பதில் இருந்தது. கூலி ஆட்டம். சொந்த எள்ளையோ மல்லாட்டையையோ கொண்டுவந்து, கண்ணெதிரே ஆட்டி, எண்ணெயைத் தங்கள் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு, ஆட்டுக்கூலி கொடுத்துவிட்டுப் போவது. இதில் நாங்கள் எண்ணெய் விற்பதில்லை, வேலை செய்து கொடுக்கிறோம். கலப்படத்துக்கும் வழியில்லை, பாட்டிலும் தேவையில்லை. பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் இன்றும் அறுவடை முடிந்ததும் மூட்டையோடு வருகிறார்கள். அளவுதான் பிரச்சினை. ஒரு ஆட்டுக்குப் பதினைந்து கிலோ எள்ளாவது வேண்டும், அதில் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ எண்ணெய் கிடைக்கும். மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிற மூன்று பேருக்கு அது மூன்று மாதத்துக்கு வரும். அதனால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு ஆட்டு போடச் சொல்கிறோம். சனிக்கிழமை முழுக்கக் கூலி ஆட்டத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். எள் வாங்கத் தெரியாதவர்களுக்கு எங்களிடமே எள்ளை எடைபோட்டுக் கொடுத்து, பில் போட்டு, அவர்கள் முன்னாலேயே ஆட்டுகிறோம். கழிவு என்று பார்த்தால் இதற்கு மேல் ஒரு வழி கிடையாது. ஆனால் நேரமும் பாத்திரமும் உள்ளவர்களுக்குத்தான் இது கைகொடுக்கும். எங்கள் விற்பனையில் ஐந்தில் ஒன்று இந்தப் பக்கம் வந்தாலே சந்தோஷப்படுவேன்.

எவர்சில்வர் கேனில் போட்டு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனையும் இருந்தது. ஒரு கேனுக்கு நாங்கள் முடக்க வேண்டிய பணத்தைக் கேட்டதும் தம்பி தலையை ஆட்டிவிட்டான். எண்ணெயின் நிறம் வெளியே தெரியாது என்று வீட்டுக்காரர்களும் விரும்பவில்லை.

மிஞ்சியது கண்ணாடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணாடி என்றாலே நல்லது என்ற எண்ணம் பரவிக்கிடக்கிறது. புதுச்சேரியில் வெள்ளைக்காரத் தெருப் பக்கத்துக் கடைகளுக்குப் போனால் கண்ணாடியில் அடைத்தது எல்லாமே சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று லேபிள் சொல்லும். ஒரே முறை பயன்படுத்தி வீசினால் கண்ணாடி பெட்டைவிட மோசம். அதை உருக்க உலை 1,500 டிகிரி வரை எரிய வேண்டும். எங்களுக்கு வந்த மாதிரி பாட்டில் 480 கிராம், அதாவது பெட்டின் பதினேழு மடங்கு. அத்தனையையும் டீசல் போட்டுச் சுமக்க வேண்டும். குப்பைக்குப் போனால் பீர் பாட்டிலைத் தவிர மற்றதைக் காயலாங்கடையும் எடுக்காது. உடைந்தால் குப்பை பிரிக்கிறவர் கையைத்தான் கிழிக்கும். திரும்பி வந்தால் மட்டுமே கண்ணாடிக்கு மரியாதை.

எத்தனை முறை திரும்ப வேண்டும்? கணக்கு எளிதுதான். பத்தில் பாதி திரும்பினால் ஒரு பாட்டில் சராசரியாக இரண்டு முறைதான் நிரம்பும். பத்தில் எட்டு திரும்பினால் ஐந்து முறை. ஒன்பது திரும்பினால் பத்து முறை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒன்றுதான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் பாட்டிலின் ஆயுசு இரட்டிப்பாகிவிடுகிறது.

போன ஆடியில் புதுப்பாளையத்தில் தெரிந்த நாற்பது வீடுகளுக்கு 30 ரூபாய் டெபாசிட்டோடு கண்ணாடி பாட்டிலில் கொடுத்துப் பார்த்தோம். ஐப்பசிக்குள் 33 திரும்பின. திரும்பாத ஏழில் இரண்டு உடைந்துவிட்டன, மற்றவை மிளகு, தனியா போட்டு வைக்கும் பாட்டிலாகிவிட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை, வீட்டில் புழங்குகிற பாட்டில் குப்பை இல்லை. திரும்பிய 33-ல் ஒன்றில் பினாயில் வாடை அடித்தது. அதை அப்போதே உடைத்துப்போட்டோம். இதுதான் இந்த வழியின் பெரிய ஆபத்து. கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலையும் மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் இரக்கமே பார்க்கக் கூடாது.

கழுவுவதும் லேசில்லை. முதலில் பாட்டில்களை ஒரு ராத்திரி கவிழ்த்து வைக்கிறோம். சொட்டுவதை ஒரு கிண்ணத்தில் பிடித்து விளக்குக்கு எடுத்துக்கொள்கிறோம், சாக்கடைக்கு எண்ணெய் போகக் கூடாது. பிறகு சோடா உப்புப் போட்ட கொதிநீர், பிரஷ், இரண்டு அலசல், வெயிலில் முழுநாள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் புது எண்ணெய் கெட்டுப்போகும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை துளி இருந்தாலும் வாங்குகிறவர் கண்டுபிடித்துவிடுவார். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது, பெண்ணையாறு பெருகிக் கடலூர் பக்கமும் வெள்ளம். அப்படி ஒரு வாரம் வந்தால் கழுவிய பாட்டில் எதுவும் காயாது. அதனால் கார்த்திகைக்கு முன்பே ஒரு மாதத்துக்கு வேண்டிய பாட்டிலைக் காயவைத்து எடுத்துவைக்க வேண்டும்.

இந்தக் கழுவல் வேலையில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. முதல் தடவை திரும்பிய பாட்டில்களில் பளபளப்பான ஸ்டிக்கர் லேபிள் இருந்தது, நானே ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது. சுரண்டச் சுரண்டப் பசை போகவில்லை. ஒரு பாட்டிலுக்குப் பத்து நிமிஷம், என் நகமெல்லாம் பிசின். அன்றைக்கே லேபிளை மாற்றிவிட்டோம். இப்போது சாதாரணக் காகிதம், மைதாப் பசை. தண்ணீரில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் தானாகக் கழன்றுவிடும். தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் ஒவ்வொரு நிரப்பலுக்கும் மாறுவதால் லேபிள் எப்படியும் புதிதாகத்தான் ஒட்ட வேண்டும். பத்து வருஷம் பெட் பாட்டிலில் விற்றபோது பசையைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. கூடு என் கைக்குத் திரும்பி வந்து என்னைச் சிரமப்படுத்தியபோதுதான் மாற்றினேன். சான்றிதழ் எத்தனை வாங்கியிருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது.

பணக் கணக்கு. பெட் பாட்டில் எங்களுக்கு மூடியோடு 11 ரூபாய். கண்ணாடி 28 ரூபாய். மூடி 4 ரூபாய், அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு முறையும் புதுசு. கழுவ 3 ரூபாய் ஆகிறது. ஐந்து முறை சுற்றினால் ஒரு நிரப்பலுக்கு 12 ரூபாய் 60 காசு, பத்து முறை சுற்றினால் 9 ரூபாய் 80 காசு. டெபாசிட்டை பில்லில் தனி வரியில் காட்ட வேண்டும். திருப்பித் தரும் பணம் விலையில் சேராது, அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. திரும்பாத பாட்டிலின் டெபாசிட்டை நாமே எடுத்துக்கொண்டால்தான் அது விற்பனையாகி வரி வரும். டெபாசிட் பாட்டில் விலையை ஈடுகட்டிவிடுவதால் திரும்பாவிட்டாலும் நமக்கு நஷ்டமில்லை. ஆனால் நஷ்டமில்லை என்று சும்மா இருந்துவிட்டால் டெபாசிட் வெறும் விலையேற்றமாகிவிடும். அதனால் திரும்பாத பணத்தைத் தனி டப்பாவில் போட்டு வைக்கிறோம். அந்த டப்பா நிறைந்தால் எங்கள் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

கண்ணாடி எங்கே நடக்கும், எங்கே நடக்காது என்பதைத் தம்பிதான் பிரித்துச் சொன்னான். "அக்கா, எண்ணெய் கொடுக்கப் போற வீட்டுல காலி பாட்டில் வாங்குறதுக்கு எனக்குத் தனிச் செலவு இல்ல. வண்டி எப்படியும் காலியாத்தான் திரும்புது. ஆனா பெங்களூருக்கு யார் போய் வாங்குறது?" அவன் சொன்னதுதான் சரியான அளவுகோல். எந்தப் பொருளில் செய்வது என்பதற்கு முன்னால், போன வழியிலேயே கூடு திரும்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி வரை இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், வாரம் இரண்டு தடவை எங்கள் வண்டியே போகிறது. அங்கே கண்ணாடி. பார்சலில் போகிற ஊர்களுக்குக் கண்ணாடி அனுப்பினால் வழியில் உடையும், திரும்பியும் வராது. அங்கே பெட்டும் வேண்டாம் என்று ஐந்து லிட்டர் தகர டின்னுக்கு மாறுகிறோம். அதை மறுபடி நிரப்ப முடியாதுதான். ஆனால் தகரத்தைக் குப்பையில் விட்டுவைக்கிறவர் எந்த ஊரிலும் இல்லை. எந்தக் காயலாங்கடையும் எடுக்கும், காந்தம் வைத்தால் தானாகப் பிரியும், உருக்கினால் மறுபடி இரும்புதான். காலி டின்னில் துளசி வைத்திருக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் மட்டும் வேண்டும் என்கிற வெளியூர்க்காரர்கள் சிலர் எங்களை விட்டுப் போவார்கள். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டோம்.

புதுச்சேரிக் கடைகளில் இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. வீடுகளில் நேரே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரர் காலி பாட்டிலை வாங்கி, டெபாசிட் பணத்தைக் கொடுத்து, தம்பி வரும்வரை இடம் ஒதுக்கி வைக்க வேண்டும். நெல்லித்தோப்பில் ஒரு கடைக்காரர் முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். இடம் குறுகலான கடை, அவர் சொன்னதில் தவறில்லை. பாட்டிலுக்கு 2 ரூபாய் அவருக்குத் தருகிறோம், காலி கிரேட் ஒன்றையும் நாங்களே வைக்கிறோம் என்றதும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். முத்தியால்பேட்டையில் ஒரு அக்கா கேட்காமலேயே சரி என்றுவிட்டார், அவர் சின்ன வயதில் அப்பா கடையில் சோடா கிரேட் அடுக்கியவர்.

நேற்று சாயங்காலம் பாட்டில்காரருக்குப் போன் செய்து, பெட் இனி வேண்டாம், கையில் இருப்பது தீரும்வரை பத்து ரூபாய் டெபாசிட்டில் விற்றுத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு 1,500 பாட்டில் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எண் போட்டு, போகும்போதும் வரும்போதும் நோட்டில் குறிப்போம். தை முடிவில் எண்ணுவோம். எந்தத் தெருவில் பத்துக்கு எட்டு திரும்பவில்லையோ அந்தத் தெருவில் கண்ணாடியை நிறுத்திவிட்டுக் கூலி ஆட்டத்துக்கும் டின்னுக்கும் மாறச் சொல்வோம். நோட்டுக்கு அம்மா அட்டை போட்டு முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி வைத்திருக்கிறார்கள்.